இஞ்சிப் பானம் காய்ச்சும் மின்சாரப் பானை: கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி?

கட்டி முடித்த பானை சொன்னபடி கேட்காதபோது பார்க்க வேண்டியவை இவை. புதிதாகக் கட்டும் பாடம் இதில் இல்லை.

அமைப்பு, கொழும்பில் வீட்டுக் குசினியில் பலரும் கட்டுவதுதான். 40 லீற்றர் ஸ்டீல் பானை, அதன் அடிப்பக்கத்தில் சூடேற்றும் 3 கிலோவாட் எலிமென்ட், வெப்பம் பார்க்க பிடி-100 சென்சர் (சூட்டோடு தடை கூடும் பிளாட்டினக் கம்பி), வெப்பத்தை வைத்த அளவில் நிறுத்தும் பிஐடி கன்ட்ரோலர், அது சொல்வதைக் கேட்டு எலிமென்ட்டுக்குக் கரண்ட்டை விட்டு நிறுத்தும் எஸ்எஸ்ஆர் என்ற எலக்ட்ரோனிக் சுவிட்ச், சுழற்றுவதற்கு ஒரு சிறிய காந்தப் பம்பு, ஆற்றுவதற்குச் செப்புச் சுருள், கடைசியில் கேஸ் ஏற்றும் கெக் என்ற ஸ்டீல் பீப்பாய். எலக்ட்ரோனிக்ஸ் சாமான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும், பைப் பொருத்திகளும் வால்வுகளும் பழைய சோனகத் தெருவிலும் கிடைக்கும்.

வெளிநாடுகளில் இதே சாமானை வைத்து வீட்டில் பியர் காய்ச்சுகிறார்கள். இங்கே 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது காய்ச்ச முடியாது. ஆகவே இதில் ஈஸ்ட் கிடையாது, நொதிக்க விடுவதும் கிடையாது. இஞ்சி, சீனி, தேசிக்காய், நுரைக்கு காபனீரொட்சைட்டு கேஸ் சிலிண்டர். அவ்வளவுதான்.

கோளாறு வந்தால் பழி முதலில் கன்ட்ரோலர் மீதுதான் விழும். எண் காட்டுவதும் புரியாத மெனு வைத்திருப்பதும் அதுதானே. ஆனால் கன்ட்ரோலரும் எஸ்எஸ்ஆரும் பூட்டிய பெட்டிக்குள் கெட்டுப்போகும் சாமான்களில் அதுதான் கடைசி. ஈரம், தளர்ந்த திருகாணி, பொய் சொல்லும் சென்சர், சூடு தாங்காத எஸ்எஸ்ஆர் ஆகிய நான்கையும் பார்த்து முடிக்கும்வரை மெனுவில் கை வைக்காதீர்கள். வைத்தால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். எஸ்எஸ்ஆர் அணைந்திருக்கும்போதும் சில மில்லிஅம்பியர் கசியும். எலிமென்ட் சூடாகாது, ஆனால் தொட்டால் கை உணரும். மெயின் லைனில் வேலை செய்து பழக்கமில்லாதவர்கள் 230 வோல்ட் பக்கத்து வேலையை ஒரு வயரிங் பாஸிடம் விட்டுவிடுவதே நல்லது.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். மெயின் பெட்டியில் இருக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கரண்ட் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது என்று அர்த்தம். அந்த லைனுக்குரிய சின்ன பிரேக்கர் மட்டும் விழுந்தால் சுமை கூடிவிட்டது. 3 கிலோவாட் எலிமென்ட் 13 அம்பியர் இழுக்கும். அதே லைனில் பிரிஜ்ஜும் மைக்ரோவேவும் இருந்தால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? அதற்கு மருந்து தனி லைன்தான். 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத கம்பியும் 20 அம்பியர் பிரேக்கரும் வேண்டும்.

கசிவு என்றால் அது எப்போது நடக்கிறது என்பதே பாதி விடை. பிளக்கைச் செருகிய உடனே விழுந்தால் பெட்டிக்குள் லைவோ நியூட்ரலோ எர்த்தைத் தொடுகிறது. நியூட்ரல் தொட்டாலும் ட்ரிப் சுவிட்ச் விழும் என்பதைப் பலர் மறந்துவிட்டு லைவ் கம்பியை மட்டும் தேடிக்கொண்டிருப்பார்கள். கால் மணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால் எலிமென்ட்டின் பின்பக்க மூடியைக் கழற்றிப் பாருங்கள். பானையிலிருந்து வரும் நீராவி அங்கே குளிர்ந்து துளித் துளியாக நிற்கும்.

மூன்றாவது வகைதான் கொழும்புக்கே உரியது. சில வாரம் சும்மா கிடந்த பானை, தென்மேல் பருவமழை தொடங்கியதும் முதல் நாளே ட்ரிப் அடிக்கும். எலிமென்ட்டின் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி அடைத்திருக்கும் வெள்ளைத் தூள் மக்னீசியம் ஒக்சைட். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். முனையில் இருக்கும் அடைப்பு தரமில்லாததாக இருந்தால் கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் அதற்குக் கொண்டாட்டம். சாதாரண மல்டிமீற்றர் சில வோல்ட்டில் அளப்பதால் இந்தக் குறை பல நேரம் அதில் பிடிபடாது. 500 வோல்ட் மெகர் (காப்புத் தடை அளக்கும் மீற்றர்) வைத்திருப்பவரிடம் கொடுத்து முனைக்கும் உறைக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஈரம் ஏறிவிட்டது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிவிட்டு, வெறும் எலிமென்ட்டை அவணில் 120 பாகையில் சில மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் மீளும். மீண்ட பிறகு மாதம் ஒரு முறையாவது ஓடவிடுங்கள்.

ட்ரிப் சுவிட்சை விட்டு நேர் லைன் கொடுத்தால் ஓடுகிறதே என்று யாராவது சொன்னால் அவரைக் குசினிக்குள் விடாதீர்கள்.

சூடு ஏறவில்லை, அல்லது ஏற யுகம் ஆகிறது

மெதுவாக ஏறுகிறது என்பவர்கள் முதலில் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 30 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 90 பாகைக்குக் கொண்டுபோக 3 கிலோவாட்டுக்கு 43 நிமிடம் வேண்டும். பானையின் பக்கவாட்டில் போகும் சூட்டையும் சேர்த்தால் 50. இதற்குள் ஏறினால் கோளாறே இல்லை, பொறுமைதான் குறைவு. இரவு உச்ச நேரத்தில் வோல்ட் 216க்கு இறங்கினால் எலிமென்ட்டின் வலு 2650 வாட்டுக்கு வந்துவிடும், ஏனென்றால் வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைகிறது. மாலை ஆறரைக்குப் பிறகு ஆரம்பிப்பதை விட்டுக் காலையில் காய்ச்சிப் பாருங்கள்.

சுத்தமாகச் சூடாகவில்லை என்றால் இப்படிப் போங்கள். பிளக்கைக் கழற்றி, எலிமென்ட்டின் இரு முனையையும் விடுவித்து ஓம் அளவுங்கள். 3 கிலோவாட் எலிமென்ட் 17 அல்லது 18 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது. 10 ஓம் அளவில் காட்டி, எலிமென்ட் வந்த பெட்டியில் 1500 வாட் என்று எழுதியிருந்தால், அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்த எலிமென்ட்டை யாரோ உங்களிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நம் 230 வோல்ட்டில் அது ஐந்தரை கிலோவாட் இழுக்கும். போட்டுவிடாதீர்கள்.

எலிமென்ட் நன்றாக இருந்தால் அடுத்தது எஸ்எஸ்ஆர். அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் கன்ட்ரோலரிலிருந்து கட்டளை வரவில்லை. வாங்கிய கன்ட்ரோலர் ரிலே வெளியீட்டு மாதிரியா, எஸ்எஸ்ஆர் வெளியீட்டு மாதிரியா என்று பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். வெளியே இரண்டும் ஒரே அச்சு. ரிலே மாதிரி எஸ்எஸ்ஆருக்குத் தேவையான வோல்ட்டைத் தராது. விளக்கு எரிந்தும், எஸ்எஸ்ஆரின் வெளியீட்டு முனைகள் இரண்டுக்கும் இடையே 230 வோல்ட் நிற்கிறது என்றால் அது உள்ளே திறந்தபடியே, அதாவது கரண்ட்டை விடாமல், செத்துவிட்டது. வேலை செய்யும் எஸ்எஸ்ஆரில் அந்த இடத்தில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. பிளக்கைக் கழற்றி அதன் ஊசிகளைப் பாருங்கள். 13 அம்பியர் பிளக் என்று பெயர் இருந்தாலும், 13 அம்பியரை ஒரு மணி நேரம் தொடர்ந்து தாங்கும் சொக்கட் பழைய வீடுகளில் அரிது. பித்தளை ஊசி நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தால், சூடு பானைக்குப் போகாமல் சுவரில் ஏறுகிறது. சொக்கட்டை மாற்றுங்கள்.

சூடு நிற்கவே இல்லை

80 பாகைக்கு வைத்தாயிற்று, கன்ட்ரோலரும் 86 காட்டுகிறது, வெளியீட்டு விளக்கு அணைந்திருக்கிறது, ஆனாலும் எலிமென்ட் இரைகிறது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எஸ்எஸ்ஆர் மூடியபடி, அதாவது கரண்ட்டை விட்டபடியே, ஒட்டிவிட்டது. உறுதிசெய்ய, கன்ட்ரோலரிலிருந்து எஸ்எஸ்ஆருக்குப் போகும் இரண்டு மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டு மறுபடி கரண்ட் கொடுங்கள். அப்போதும் சூடேறினால் குற்றவாளி அதுதான்.

எஸ்எஸ்ஆர் சாகும்போது பெரும்பாலும் இப்படி மூடியபடிதான் சாகும். அதனால்தான் அதற்கு முன்னால் கையால் வெட்டக்கூடிய ஒரு கொன்டக்டர் (பெரிய கரண்ட்டை வெட்டும் காந்தச் சுவிட்ச்) கட்டாயம் வேண்டும் என்கிறேன். எஸ்எஸ்ஆர் சாகக் காரணம் சூடு. 13 அம்பியர் ஓடும்போது எஸ்எஸ்ஆரே 15 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே விடும். அதை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், வெளியே 31 பாகை இருக்கும் குசினியில் வைத்தால் போக வழி எங்கே? அலுமினிய ஹீட்சிங்க்கின் செதில்கள் பெட்டிக்கு வெளியே, செங்குத்தாக நிற்க வேண்டும். இடையில் வெப்பப் பசை மெல்லிசாக இருக்க வேண்டும். பாணில் பட்டர் பூசுவதுபோல அல்ல. மேலே 40 அம்பியர் என்று அச்சடித்து உள்ளே சின்னச் சில்லு வைத்த போலிகளும் சந்தையில் உண்டு. எடையில் லேசாக இருந்தால் யோசியுங்கள்.

காட்டும் எண்ணில் நம்பிக்கை வரவில்லை

இரண்டு சோதனை போதும். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து சென்சரை விட்டுக் கலக்குங்கள். 0 வர வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீர். கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் 100 வர வேண்டும். (நுவரெலியாவில் செய்தால் 94க்கு அருகிலேயே கொதித்துவிடும். அங்கே சென்சரைத் திட்டாதீர்கள்.) இரண்டிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் மெனுவில் திருத்தம் கொடுக்கலாம். ஒன்றில் சரி, மற்றதில் பிழை என்றால் திருத்தம் உதவாது.

அறை வெப்பத்தில் பிடி-100 சென்சர் 111 ஓம் அளவில் காட்டும். மூன்று கம்பி உள்ளதில் ஒரே நிறக் கம்பிகள் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, மற்றதோடு 111. இரண்டு கம்பியை மட்டும் இணைத்து நீளமாக இழுத்திருந்தால் கம்பித் தடையின் ஒவ்வொரு 0.385 ஓமுக்கும் ஒரு பாகை கூடுதலாகக் காட்டும். திரையில் நூற்றுக்கணக்கில் அபத்தமான எண் வந்தால், கன்ட்ரோலர் தன்னோடு இணைந்திருப்பது கே வகைத் தெர்மோகப்பிள் (வேறொரு வகை வெப்பச் சென்சர்) என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளீட்டு வகையை மாற்றுங்கள். தெர்மோகப்பிள் பாவிப்பவர்களுக்கு, சூடு ஏற ஏற எண் இறங்கினால் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டீர்கள்.

எண்ணைக் குறைத்துக் காட்டும் சென்சர்தான் ஆபத்தானது. மலிவுச் சென்சரில் ஸ்டீல் குழாயும் கம்பியும் சேரும் இடத்தை வெறுமனே நசுக்கி விட்டிருப்பார்கள். அந்த விளிம்பில் பழுப்பு வளையம் ஒன்று படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்வருகிறது. ஈரம் தடையைக் குறைக்கும், எண் இறங்கும், கன்ட்ரோலர் இன்னும் சூடு போதவில்லை என்று நம்பிக் கொதிக்கவைக்கும். காயவைத்துத் திரும்பப் போடலாம்; ஆனால் அடுத்த காய்ச்சலில் அதே கதை. புதிதாக வாங்குங்கள், கம்பி சேரும் முனையைத் தண்ணீருக்கு வெளியே வைக்கும் கிணறு போன்ற உறையோடு.

எண் பம்பு ஓடும்போது மட்டும் துள்ளுகிறதா? சென்சர் கம்பியும் மெயின் கம்பியும் ஒரே குழாய்க்குள் போகின்றன. பிரித்து விடுங்கள்.

வெப்பம் மேலும் கீழும் ஆடுகிறது

இதற்குத்தான் எல்லோரும் மெனுவைத் திறப்பார்கள். திறக்குமுன் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். சுழற்சி இல்லாத பானையில் மேலே 85, கீழே 70 என்று இருப்பது சாதாரணம். சென்சர் எந்த அடுக்கில் நிற்கிறதோ அதைத்தான் சொல்லும்.

சுழற்சி சரி என்றால் மெனுவில் சுற்று நேரத்தை, அதாவது கரண்ட்டை ஒரு முறை விட்டு நிறுத்த எடுக்கும் நேரத்தை, பாருங்கள். ரிலேக்காக 20 விநாடி என்று வந்திருக்கும் அமைப்பை எஸ்எஸ்ஆருக்கு 2 விநாடியாக்குங்கள். (அதனால் விளக்குகள் இலேசாகச் சிமிட்டினால் லைன் மெலிந்தது, தனி லைன் என்று மேலே சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.) பிறகுதான் தானியங்கிச் சீரமைப்பு, அதாவது கன்ட்ரோலர் பானைக்கேற்பத் தன்னைத் தானே சரிசெய்வது. அதை நீங்கள் உண்மையில் காய்ச்சும் அளவுத் தண்ணீரோடு, பம்பு ஓடும்போது செய்ய வேண்டும். 5 லீற்றரில் சீரமைத்துவிட்டு 30 லீற்றர் காய்ச்சினால் ஆடத்தான் செய்யும்.

அடி பிடித்த நாற்றம்

இஞ்சிப் பானத்தில் அதிகம் பாழாவது இதனால்தான். பியர் காய்ச்சுகிறவர்களுக்கும் மாச்சத்துத் தொல்லை உண்டு. ஆனால் இஞ்சி அதைவிடக் கள்ளத்தனமானது. துருவிய இஞ்சியைப் பிழிந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் வைத்துப் பாருங்கள். அரை மணியில் அடியில் வெள்ளையாக ஒரு படிவு இறங்கி, தம்ளரைச் சாய்த்தாலும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மா. பானையிலும் அது போய்ப் படியும் இடம் எலிமென்ட்தான். 70, 80 பாகை தாண்டியதும் பசையாகி உலோகத்தில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் தண்ணீர் படாது. தண்ணீர் படாத இடம் கருகும். சீனியும் கரையாமல் அடியில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

எலிமென்ட்டை வெளியே எடுத்தால் கருகல் எங்கே என்பது காரணத்தைச் சொல்லிவிடும். அடிப்பக்கம் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் மா படிந்தது. மேல்பக்கத்தில் மட்டும் திட்டாக இருந்தால் இஞ்சிச் சக்கை கட்டிய துணிப்பொதி எலிமென்ட் மீது உட்கார்ந்திருக்கிறது. ஒரு வளைவு மட்டும் நீலமாகிக் கறுத்திருந்தால் அந்த இடம் தண்ணீருக்கு வெளியே நின்று காய்ந்திருக்கிறது. தண்ணீர் குறைந்தால் எலிமென்ட்டை அணைக்கும் மிதவைச் சுவிட்சை உயர்த்திப் பூட்ட வேண்டும்.

சரி, மருந்து. இஞ்சிச் சாற்றைத் தனியே தெளியவிட்டு மேல் தெளிவை மட்டும் பானையில் விடுங்கள். சக்கையைத் துணியில் கட்டி எலிமென்ட்டுக்கு மேலே தட்டில் தொங்கவிடுங்கள். சீனியைப் போடும்போது எலிமென்ட் அணைந்து, பம்பு ஓடிக்கொண்டிருக்கட்டும். 60 பாகைக்குப் பிறகு கன்ட்ரோலரில் வெளியீட்டு உச்சவரம்பை (எலிமென்ட்டுக்கு விடும் வலுவின் எல்லையை) 60 சதவீதத்துக்குக் குறையுங்கள். 90 பாகைக்கு மேலே போக வேண்டிய தேவையும் இல்லை. நீண்ட கொதி பச்சை இஞ்சியின் மணத்தைக் கொண்டுபோய்விடும். காரத்தைத் தரும் ஜிஞ்சரோலும் சூட்டில் வேறொன்றாக மாறி, தொண்டையில் நிற்கும் காரமாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு கருகினால் எலிமென்ட்டே தவறு. 8 மில்லிமீற்றர் தடிப்பும் 1 மீற்றர் நீளமும் உள்ள 3 கிலோவாட் எலிமென்ட்டில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 12 வாட் இறங்குகிறது. வெறும் தண்ணீருக்கு அது பரவாயில்லை. மாவும் சீனியும் உள்ள பானத்துக்கு 8க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது அதே வலுவில் நீளமான, மடித்து மடித்து வளைத்த எலிமென்ட்.

கருகலைச் சுரண்டாதீர்கள். சலவைச் சோடாவைச் சூடான தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தால் தோலாக உரியும். எலுமிச்சை உப்பு என்ற சிட்ரிக் அமிலம் சுண்ணாம்புப் படிவுக்கானது, கருகலுக்கு அல்ல. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் காய்ச்சுபவர்களுக்கு அது அடிக்கடி தேவைப்படும். களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் கொழும்புக் குழாய்த் தண்ணீர் மென்மையானது. இங்கே சுண்ணாம்பைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்டீல் பானைக்கு வெளுப்புத் திரவம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். குளோரின் அதில் ஊசிமுனைக் குழிகளைப் போட்டுவிடும்.

பம்பு சத்தம் போடுகிறது, பானம் நகரவில்லை

இந்தச் சிறிய பம்புகள் காற்றை இழுக்கத் தெரியாதவை. பானையிலிருந்து பானம் வெளியேறும் வாயை விடப் பம்பு கீழே இருக்க வேண்டும். வெளிப்பக்க ஹோஸைக் கழற்றித் தண்ணீர் தானாக வழியும்வரை விட்டுவிட்டு மறுபடி பூட்டுங்கள். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பம்புக்குப் பின்னால் உள்ள வால்வைத் திருகுங்கள். முன்னால் உள்ளதைத் திருகினால் 90 பாகைப் பானம் பம்புக்குள்ளேயே ஆவியாகிச் சரளைக்கல் உருள்வதுபோலச் சத்தம் வரும். இவை எல்லாம் சரியென்றால் முன்மூடியைத் திறந்து, விசிறியில் சுற்றியிருக்கும் இஞ்சி நாரை எடுத்துவிடுங்கள்.

போதிய அளவு ஆறவில்லை

செப்புச் சுருள் கெட்டுப்போகவில்லை. நம் குழாய்த் தண்ணீரே 28, 30 பாகை. அதற்குக் கீழே அது ஆற்றாது. தொடர்மாடியில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் பிற்பகலில் இன்னும் மோசம், கையில் வெதுவெதுப்பாகவே விழும். 40 பாகைவரை குழாய்த் தண்ணீர், அதன் பிறகு ஐஸ் வாளிக்குள் ஒரு குட்டிப் பம்பைப் போட்டு அதே சுருளில் சுற்றவிடுங்கள். தேசிக்காய்ச் சாறு சுருளை வெளியே எடுத்த பிறகுதான். புளிப்பு செம்பைக் கரைக்கும்.

நுரை நிற்கவில்லை

ஆறாத பானத்தில் கேஸ் ஏற்றியிருப்பீர்கள். 4 பாகையில் ஒன்றரை பார் அழுத்தத்தில் கிடைக்கும் நுரைக்கு 30 பாகையில் நான்கரை அளவில் வேண்டும். பிரிஜ்ஜில் ஒரு இரவு வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஏறுகிறது, ஆனால் திறந்ததும் பொங்கி ஓய்ந்துவிடுகிறது என்றால் வடிகட்டல் போதவில்லை. மிதக்கும் நார் ஒவ்வொன்றும் குமிழியைக் கூப்பிடும். கண்ணாடிப் போத்தலில் ஏற்ற வேண்டாம்.

தானாக அணைந்து எழும்புகிறது

பம்பு கிளம்பும் கணத்தில் திரை அணைந்து எழும்பினால், கன்ட்ரோலருக்கும் பம்புக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே 12 வோல்ட் பவர் சப்ளைப் பெட்டி. பம்பு முதல் இழுப்பில் வோல்ட்டைக் கீழே தள்ளுகிறது. தனித்தனிப் பெட்டி வையுங்கள். கன்ட்ரோலருக்குப் பதில் ஈஎஸ்பி-32 என்ற சிறு கணினிச் சில்லை வைத்துத் தாங்களே நிரல் எழுதியவர்கள் பம்பின் குறுக்கே ஒரு டயோடும் போடுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு எழும்புவது வேறு சங்கதி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். ஆக, கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கணக்குப் போட முடியாது. வரும்போது பானையில் பாதித் தண்ணீரே இருக்கலாம், நீங்கள் வெள்ளவத்தைச் சந்தையில் நிற்கலாம். கன்ட்ரோலர் அதைப் பார்க்காது. விட்ட இடத்திலிருந்து சூடேற்றும்.

எலிமென்ட் லைனில் உள்ள கொன்டக்டரைப் பச்சை, சிவப்புப் பொத்தான்களோடு, அதன் துணை முனை வழியாகவே தன்னைப் பிடித்துக்கொள்ளும்படி இணைக்க வேண்டும். கரண்ட் போனால் அது விழும். திரும்பி வந்தாலும் ஒருவர் பச்சையை அழுத்தும்வரை எழும்பாது. சோதிக்க, வெறும் தண்ணீரை 40 பாகைக்கு வைத்து ஓடவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றுங்கள். திரை எரிய வேண்டும், எலிமென்ட் விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் பச்சைப் பொத்தான் இருக்கும் இடத்தில் நிரந்தரமாக மூடிய சுவிட்ச் ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, விட்டதும் திரும்பும் பொத்தானாக மாற்றுங்கள்.